சூட்டு உடம்புக்காரரும் சுவெட்டர் போட்ட பேச்சியும்

சர்க்கரை டாக்டரிடம் நர்ஸாக இருப்பவளுக்கு ஊசி குத்தத் தெரிந்தால் மட்டும் போதாது, வாங்கிக் கட்டிக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். உத்தமபாளையத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் நான் அப்படித்தான் காலம் தள்ளுகிறேன். வருகிறவர்களிடம் பேச்சு வாங்கியே பிழைக்கிற என் இனத்தாரே, இதைப் படித்து மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் டாக்டரம்மா எதையாவது புதிதாகப் படித்தால் அது என் தலையில்தான் விடியும். போன சித்திரையில் ஒருநாள், "உடம்புச் சூடு எப்பவும் குறைவா இருக்கிற சிலருக்கு, இன்சுலின் சொல்றதை உடம்பு சரியா கேக்கிறதில்லையோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. உறுதியா யாரும் சொல்லல. இருந்தாலும் பாத்து வைப்போம்" என்றார். அன்றிலிருந்து வருகிறவர்கள் நாக்குக்கடியில் எல்லாம் தெர்மாமீட்டர் வைப்பது என் வேலையாகிவிட்டது.

கொதிக்கிற உடம்பு

எங்கள் பக்கம் கண் எரிந்தால் சூடு, வாய் வெந்தால் சூடு, பையன் பரீட்சையில் கோட்டை விட்டால் அதுவும் சூடு. உடம்பு குளிர்ச்சி என்று ஒத்துக்கொள்ள ஆம்பளை எவருக்கும் மனசு வராது. திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் தங்கராசு அண்ணன் சர்க்கரைக்கு எங்களிடம் மாத்திரை வாங்குகிறவர். தன் உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்று சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். அவருக்கு வைத்துப் பார்த்தேன். எல்லா மனுஷருக்கும் இருக்கிற சாதாரணச் சூடுதான் இருந்தது. அவருக்கு வந்ததே கோபம்.

"நல்லாப் பாருத்தா! ஊரே என்னையச் சூட்டு உடம்புக்காரன்னு சொல்லுது, உன் மிசினு மட்டும் என்ன தனிக்கட்சி?"

சித்திரையில் சுவெட்டர்

அவரோடு துணைக்கு வந்திருந்தாள் அவர் சம்சாரம் பேச்சி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. இவள் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவள் மாதிரி சுவெட்டர் போட்டுக்கொண்டு, ஃபேனை நிறுத்த முடியுமா என்று கேட்டாள். காத்திருந்த கூட்டம் மொத்தமும் அவளை முறைத்தது. "இவளுக்கு எந்நேரமும் குளிரு, எந்நேரமும் தூக்கம். சோம்பேறிக்குச் சாக்கா இல்ல?" என்றார் தங்கராசு அண்ணன், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி. எல்லாரும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் பேருக்குச் சீட்டு போடாவிட்டால் என்ன என்று அவளை உள்ளே இழுத்துப்போய் தெர்மாமீட்டர் வைத்தேன். தொண்ணூற்றைந்தைத் தாண்டவில்லை. மறுபடி வைத்தேன், அதேதான். டாக்டரம்மா அவள் கழுத்தின் கறுத்த மடிப்பைத் தடவிப் பார்த்து, உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்காவிட்டாலும் இப்படிக் கறுக்கும் என்று சொல்லிவிட்டு, மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொன்னார். சர்க்கரை, இன்சுலின், தைராய்டு மூன்றும் பார்க்க வேண்டுமாம். வெளியே வந்ததும் பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பிடியே தூங்கிக் கெடந்தா என்னைய எங்க ஆத்தா வீட்டுலயே கொண்டுபோய் விட்டுருவேன்னு சொல்லிக்கிட்டு இருக்காகக்கா. ரத்தத்துல ஏதாச்சும் வியாதி வரணும்னு சாமியக் கும்பிட்டுக்கங்க!"

வெறும் வயிறு

மறுநாள் காலையில் தெர்மாமீட்டர் வைத்தால் நூற்றொன்று! ராத்திரியோடு ராத்திரியாகக் காய்ச்சல் வந்துவிட்டதோ என்று பதறிப்போனேன். பிறகுதான் அவள் வாயில் சுக்கு வாசனை அடித்தது. வாசலில் வைத்து ஃபிளாஸ்கிலிருந்து சுடச்சுட சுக்குக் காப்பி ஊற்றிக் குடிக்க வைத்திருக்கிறார் தங்கராசு அண்ணன், அதுவும் கருப்பட்டி போட்டு. சூடு குறைச்சல் என்று எழுதினால் குடும்பத்துக்கே கௌரவக் குறைச்சலாம். சர்க்கரை டெஸ்டுக்கு வந்தவளுக்குக் கருப்பட்டியா என்று கத்திவிட்டு, நாளைக்கு வாருங்கள் என்றேன். மனுஷன் அசரவே இல்லை.

"பொண்ணு பாக்க வந்தா பவுடர் போட்டு நிறுத்துறதில்லையா? டாக்டரு பாக்கும்போது மட்டும் இருக்கிறபடியே காட்டச் சொன்னா எப்பிடித்தா?"

நாலு பேர் மத்தியில்

ஒருவழியாக வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து ரிசல்ட்டும் வந்தது. தைராய்டு படுமந்தம். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. இன்சுலின் நிறையச் சுரந்தும் உடம்பு அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "குளிருக்கும் தூக்கத்துக்கும் காரணம் தைராய்டு. சர்க்கரை விஷயத்துலயும் அதுக்குப் பங்கு இருக்கலாம். மாத்திரை போட்டாச் சரியாகும், இவங்க வேணும்னு தூங்கல" என்றார் டாக்டரம்மா. வியாதி என்று கேட்டு முகம் மலர்ந்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கே அழுகை வந்துவிட்டது. "தெரியாமச் சொல்லிட்டேன் பேச்சி" என்று முனகினார் தங்கராசு அண்ணன். அவள் விடுவதாக இல்லை. "உள்ள வச்சுச் சொன்னாப் பத்தாது. சோம்பேறின்னு சொன்னது வெளிய நாலு பேரு மத்தியில. அங்கன வந்து சொல்லுங்க" என்று எழுந்துவிட்டாள். அவரும் பின்னாலேயே போய், ஹால் நடுவில் நின்று தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா, எம் பொண்டாட்டி சோம்பேறி இல்ல, அவளுக்குத் தைராய்டு! இனி எவனாச்சும் சிரிச்சீக, நடக்கிறதே வேற!"

ஒரு பொம்பளை வருஷக்கணக்காக வாயால் சொல்லி நடக்காத காரியம், அதே வாயில் ஒரு நிமிஷம் வைத்த தெர்மாமீட்டரால் நடந்துவிடுகிறது என்றால், எவ்வளவு பேச்சு வாங்கினாலும் இந்த உத்தியோகத்தை விட எனக்கு மனசு வருமா, சொல்லுங்கள்.