ஆறிய ரணம்

"ணா, வாய் தொறக்க முடியல. நாஷ்டா எறங்க மாட்டேங்குது." என் தம்பி ஏழுமலை ஒரு காலையில் இப்படிச் சொன்னான். கடவாய்ப் பல் வலியாக இருக்கும் என்று கிராம்பைக் கொடுத்தேன்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தொழிற்சாலைகள் வந்த புதிது. எனக்கு அங்கே ஃபிட்டர் வேலை. அவன் பழவேற்காடு ஏரியில் மீன் பிடித்தான். பத்து நாள் முன்பு கெளுத்தி முள் அவன் குதிகாலில் ஏறியிருந்தது. எங்கள் வழக்கப்படி சூடான சாணிச் சாம்பலை வைத்து அடைத்துக் கட்டியவன் நான். நாலே நாளில் ஆறிவிட்டது. என் கைராசி என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

கிராம்புக்கு அடங்காததால் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த கம்பவுண்டர் கேட்டார். "ஒடம்புல ரணம் கிணம் ஏதாச்சும் இருக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றேன். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. ஆறிப்போனதை யார் ரணம் என்பார்கள்? பல்வலி மாத்திரையோடு திரும்பினோம். இரண்டு நாள் வீணாயிற்று.

மூன்றாம் நாள் அவன் முதுகு வில்லாக வளைந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியின் இருட்டறையில் படுக்க வைத்தார்கள். கரண்டி விழுந்த சத்தத்துக்கே உடம்பு வெட்டி இழுத்தது. டெட்டனஸ் (காயத்தில் புகுந்த கிருமியின் விஷம் நரம்பைத் தாக்கித் தசைகளை இறுக்கும் நோய்) என்றார் டாக்டர். விஷமுறிவு ஊசி போட்டார்கள்.

என்னை உள்ளே விடவில்லை. வராந்தாவில் டாக்டரை மறித்து, "அந்தப் பேருக்கு இன்னா சார் அர்த்தம்?" என்றேன். எதையாவது கேட்காவிட்டால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

அவர் வெளிநாட்டில் படித்தவர். பொறுமையாகச் சொன்னார். "கிரேக்க மொழியில இழுத்து விறைக்கிறதுன்னு அர்த்தம். டச்சுக்காரங்க தாடைப் பிடிப்புன்னு சொல்றாங்க. ஸ்வீடன்ல விறைப்பு இழுப்பு. நான் படிச்ச ஜெர்மனியில காயத்தையும் சேர்த்து, காய விறைப்பு இழுப்புன்னு பேரு. உங்க ஊர்ல என்ன சொல்வீங்க?"

"ரண ஜன்னி" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஜெர்மன்காரனைப் போல நம் ஆட்களும் ரணத்தை முன்னால் வைத்துத்தான் பேர் வைத்திருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து தெரிந்த பேர். கம்பவுண்டர் கேட்டபோதும் தெரிந்திருந்த பேர்.

குதிகாலையும் சாம்பலையும் பற்றி அப்போதுதான் வாய் திறந்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆறாம் நாள் மத்தியானம் ஏழுமலை போய்விட்டான். குளிப்பாட்டும்போது குதிகாலைத் தேடிப் பார்த்தேன். உளுந்தளவு தழும்பு. நன்றாகவே ஆறியிருந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது தாடை இறுகினால் ஆறிய காயத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சாம்பல் வேண்டாம், அடிபட்ட அன்றே டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதும் வேலையில் கை கிழிந்தால், ரத்தம் வந்துகொண்டிருக்கும்வரை எனக்குப் பயமில்லை. தோல் மூடியதும் நாள் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். காலையில் கண் விழித்ததும் வாயைத் திறந்து பார்க்கிறேன். எனக்குத் திறக்கிறது.