மின்விசிறி சுற்றாத ஏலக்காய் ஷெட்

கூடலூரில் என் வீட்டு வாசலில் நின்று மூக்கை ஒரு தரம் உறிஞ்சினால் போதும், குமுளி மலையில் எந்தத் தோட்டத்தில் ஏலக்காய் உலர்கிறது என்று சொல்லிவிடுவேன். சரி, மலை வரை என்பது கொஞ்சம் அதிகம். எங்கள் தெருமுனை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் அறிவியல் நடத்தியவள் இதற்கு மேல் குறைத்துச் சொன்னால் அது அடக்கம் ஆகிவிடும். அடக்கம் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

என் மூக்கை மதிக்காத ஒரே ஆள் பக்கத்து வீட்டுப் பவுனு. இது அவளைப் பற்றியது.

பவுனுவுக்கு நாற்பத்தைந்து வயது. பதினேழு வருடமாக ஏலக்காய் ஷெட்டில் தரம் பிரிக்கிற வேலை. காயைப் பார்க்கவே வேண்டாம், விரலில் உருட்டியே பருமன் ஏழு மில்லிமீட்டரா எட்டு மில்லிமீட்டரா என்று சொல்வாள். அவள் புருஷன் சங்கிலி குமுளிக்கு ஜீப் ஓட்டியவர். மகள் ஓவியா ஆறாவது படிக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டார். அதிலிருந்து அந்த ஷெட்தான் அவர்களுக்குச் சோறு போட்டது, ஓவியாவுக்குக் கல்யாணமும் செய்துவைத்தது.

அந்த ஷெட்டைத் தெரிந்துகொண்டால்தான் மற்றது விளங்கும். ஜன்னலைத் திறக்க மாட்டார்கள்; வெளிச்சமும் ஈரக்காற்றும் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும். மின்விசிறி தொங்கும், சுற்றாது. சுற்றினால் லேசான காயெல்லாம் பறந்துவிடும். முப்பத்தோரு பெண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே, முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில். ஒரு பிடி காயை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, ‘ஃபூ’ என்று ஊதுவார்கள். காம்பும் தூசியும் எதிரில் இருப்பவள் முகத்துக்குப் போகும். அவள் ஊதினால் இவள் முகத்துக்கு வரும். ஒரு நாளைக்கு எத்தனை ஊது என்று கேட்டால், ஒரு லட்சம் என்பேன் நான். ஆயிரத்துக்குக் குறையாது என்பாள் பவுனு.

இரண்டாயிரத்து இருபது புரட்டாசியில், சூப்பர்வைசர் பிச்சைமணி தினமும் வாசலில் நின்று எல்லோர் கையிலும் சானிடைசர் ஊற்றுவான், நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற கருவியைக் காட்டுவான், மாஸ்க் போட்டிருக்கிறதா என்று பார்ப்பான். உள்ளே போய் உட்கார்ந்ததும் முப்பத்தோரு மாஸ்க்கும் தாடைக்கு இறங்கிவிடும். மாஸ்க்கோடு எப்படி ஊதுவது?

அந்த மாதத்தில்தான் ஓவியா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை திருப்பூரில் வேலை. சுருளிப்பட்டியில் இருந்த சம்பந்தி கஸ்தூரியம்மாளுக்கு இதில் இஷ்டமே இல்லை. வளைகாப்பு அன்றே எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

“கூட்டத்துல போயி மூச்சுக்கு மூச்சு ஊதிட்டு வர்றவ வீட்டுலயா பிள்ளையப் பெக்கணும்? நோய்க் காலமா இருக்கு. இங்கனயே இருக்கட்டுமே.”

“தலைப்பிள்ளை தாய் வீட்டுலதான் அத்தாச்சி,” என்று பவுனு பிடிவாதமாகக் கூட்டிவந்தாள். அந்தப் பேச்சு அவள் காதிலேயே கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. பவுனு மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்கு இன்னும் ஒன்பது நாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன் அடித்தது. பிச்சைமணி.

“பவுனக்கா, கிருபாவதிக்குப் பாசிட்டிவ். ஷெட்டைப் பூட்டியாச்சு. நாளைக்கு எல்லாரும் டெஸ்ட்டுக்கு வரணும்.”

கிருபாவதி பவுனுவுக்கு நேர் எதிரில் உட்காருகிறவள்.

பவுனு சீப்பை ஓவியாவின் தலையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வந்தாள். நான் என் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

“டீச்சர், அங்கனயே நில்லுங்க. கிட்ட வராதீக.”

விஷயத்தைச் சொன்னாள். “எதுக்கு ஒளிச்சா கிருபாவதி?” என்று கேட்டேன். ஆனால் அவள் ஒளிக்கவில்லை. வியாழக்கிழமை சுகாதாரத் துறைப் பெண் ஷெட்டுக்கு வந்து, “யாருக்காச்சும் வாசம் தெரியாமப் போயிருக்கா?” என்று கேட்டிருக்கிறாள். முப்பத்தோரு பேரும் சிரித்திருக்கிறார்கள். “அது வேலைக்குச் சேந்த மூணாம் மாசமே போச்சும்மா!” ஷெட்டில் இருக்கிற எவளுக்கும் ஏலக்காய் மணக்காது. பஸ்ஸில் அவர்கள் ஏறினால் ஊரே திரும்பிப் பார்க்கும். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கிருபாவதியும் அதே சிரிப்பைச் சிரித்தாள். வெள்ளிக்கிழமை அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகைந்தபோதுதான், தனக்குப் போனது ஏலக்காய் வாசம் மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“டீச்சர், நீங்க படிச்சவுக. எனக்கு வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு?”

பழைய வழக்கம் விடுமா? சாக்கட்டியை எடுத்து வந்து தரையில் எழுதினேன். எத்தனை நாள்? ஐந்து. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? எட்டு. நடுவில் எவ்வளவு தூரம்? அவள் கையை நீட்டிக் காட்டினாள். ஒரு முறத்தின் அகலம். ஜன்னல்? அடைப்பு. காற்று? கிடையாது. மாஸ்க்? அவள் தாடையைத் தொட்டுக் காட்டினாள். இதற்கெல்லாம் யாரும் எனக்குச் சூத்திரம் சொல்லித் தரவில்லை. ஆனாலும் டீச்சர் ஆயிற்றே; கோடு போட்டு, கீழே ‘நூற்றுக்கு எண்பது’ என்று எழுதிவிட்டேன்.

பவுனு சுவர் மேலாக அந்த எண்ணை எட்டிப் பார்த்தாள்.

“அப்ப இருபது நல்லது?”

“ஆமா.”

“அந்த இருபதை நம்பி வயித்துப்பிள்ளைக்காரி பக்கத்துல படுக்க முடியுமா டீச்சர்?”

அன்றே என் வீட்டுப் பின்பக்க விறகுக் கொட்டகைக்குக் குடிவந்துவிட்டாள். சாப்பாட்டைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு நான் விலகிவிடுவேன். ஓவியா தனியாக அந்த வீட்டில். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கத்துவாள்.

“அம்மா, குக்கர் எத்தனை விசில்?”

“மூணு. ஏத்தா, குனிஞ்சு தண்ணிக் குடத்தைத் தூக்காத!”

“நான் தூக்காம யாரு தூக்குவா, கருப்பசாமியா?”

திங்கட்கிழமை சளி எடுத்தார்கள். முடிவு வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். மூன்று நாளும் எப்படிக் கிடப்பது? நான் பெருங்காய டப்பாவைக் கொடுத்தேன். ஏலக்காய்க்கு அந்த மூக்கு பழகிவிட்டது, பெருங்காயத்துக்குப் பழகவில்லை. மணிக்கொரு தரம் கொட்டகைக்கு எட்ட நின்று கேட்பேன்.

“அடிக்குதா?”

“அடிக்குது டீச்சர். நாத்தம் தாங்கல.”

செவ்வாய் முழுதும் அடித்தது. புதன் காலையும் அடித்தது.

புதன் பத்து மணிக்கு ஓவியாவின் சத்தம் கேட்டது. குக்கரைப் பற்றி அல்ல. “அம்மா! அம்மா, தண்ணி ஒடைஞ்சிருச்சு!”

நூற்றெட்டுக்கு நான்தான் போன் போட்டேன், சுருளிப்பட்டிக்கும் நான்தான் சொன்னேன். கஸ்தூரியம்மாள் நேரே கம்பம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். திட்டக்கூட நேரமில்லை அவருக்கு. ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்தில் வந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட பையன் ஓவியாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கினான். அவள் வாசற்படியில் நின்றுவிட்டாள்.

“அம்மா வரட்டும்.”

பவுனு என் வீட்டுக் கேட்டுக்கு உள்ளே, இரண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு மாஸ்க், மேலே முந்தானை.

“போ பவுனு,” என்றேன் நான். “வாசம்தான் தெரியுதே! ரெண்டு மாஸ்க் இருக்கு, முன் சீட்டுல உக்காரு, போ!”

அவள் அசையவில்லை.

“அம்மா, பயமா இருக்கும்மா. வாயேன்!”

“போ ஆத்தா. உன் அத்தை அங்கன வந்துருவாக.”

“உன்னைத்தான கூப்புடுறேன்! கம்பம் வரைக்குமாவது வாயேன்!”

பவுனுவின் கைவிரல் கம்பியில் வெளுத்துப்போயிருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள். வண்டிக் கதவு மூடியது. ஓவியா கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தாளே ஒரு பார்வை, அது கோபமா பயமா என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் பவுனுவைத் திட்டினேன். கல் நெஞ்சுக்காரி என்றேன். அவள் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாலை நாலரை மணிக்குக் கம்பத்திலிருந்து போன். பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம். அடுத்த பத்து நிமிடத்தில் பவுனுவின் டெஸ்ட் முடிவும் வந்தது. இல்லை என்றே வந்தது. பவுனு கொட்டகையிலிருந்து பாய்ந்த வேகத்தில் பஸ்ஸையே முந்திக்கொண்டு கம்பம் போய், விளக்கு வைப்பதற்குள் பேத்தியைக் கையில் வாங்கிவிட்டாள்.

இதுவரை எழுதி, எதிரில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த பவுனுவிடம் படித்துக் காட்டினேன்.

“நிறுத்துங்க டீச்சர்,” என்றாள். “டெஸ்ட்டுல எனக்கு இருக்குன்னுதான வந்துச்சு?”

“படிக்கிறவுக மனசு சங்கடப்படுமேன்னு...”

“படட்டும். இன்னொண்ணு, அது உங்களுக்கும் தெரியாது. புதன்கெழமை விடியக்காலையிலயே பெருங்காயம் அடிக்கல. டப்பாவ மூக்குக்குள்ளயே திணிச்சுப் பாத்தேன், மண்ணு மாதிரி இருந்துச்சு. உங்ககிட்ட அடிக்குதுன்னேன். சொன்னா நீங்க சுவரு வழியா கத்துவீக, அவ காதுல விழும். வலி வர்ற பொண்ணு அதையுமா சுமக்கணும்? அவளுக்கும் இல்ல, பிள்ளைக்கும் இல்லைன்னு வந்த அன்னைக்குத்தான் நான் மூச்சே விட்டேன். பேத்திய இருபத்திரண்டாம் நாள்தான் தூக்குனேன். அதுவும் சம்பந்தியம்மாதான் கையில கொண்டாந்து குடுத்தாக. அப்படியே எழுதுங்க.”