நன்றியுரையில் என் பெயர்

எங்கள் ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று அப்பா தொலைபேசியில் சொன்னபோது நான் ஐரோப்பாவின் ஒரு குளிர் நகரத்தில், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். கலாநிதிப் பட்டத்துக்கான ஆராய்ச்சியில் மூன்றாவது வருடம். மீகடத்திகள்தான் என் பாடம். சில பொருட்களைப் போதிய அளவு குளிர்வித்தால் அவற்றின் மின்தடை முற்றாக இல்லாமல் போய்விடும். மிக மெல்லிய படலங்களில் அது எப்படி நிகழ்கிறது என்று நான் அளந்துகொண்டிருந்தேன்.

"காணியளுக்குப் போக விடினமாம். மிதிவெடி எடுத்து முடிஞ்சுதாம்," என்றார் அப்பா. "நீ படிப்பைப் பார். நாங்கள் சமாளிப்பம்."

அவர்களால் சமாளிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். போர் முடிந்து அகதி முகாமில் இருந்த காலத்திலேயே அம்மாவுக்கு நடக்கக் கஷ்டம். நான் ஒரே பிள்ளை. ஆறு கிழமை விடுப்புக் கேட்டேன்.

போவதற்கு அது நல்ல நேரமல்ல. அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. குளிர்விக்கும்போது என் படலங்களின் தடை ஒரேயடியாக விழாமல், இடையில் ஒரு படியில் நின்று, பிறகு விழுந்தது. கம்பி சரியாகப் பொருந்தவில்லை என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். கம்பிகளை மறுபடி பற்றவைத்தேன். மின்னோட்டத்தைத் திசை மாற்றிப் பார்த்தேன். படலங்களையே புதிதாகச் செய்தேன். எட்டு மாதம் கழித்தும் அந்தப் படி அங்கேயே இருந்தது. அது பிழை அல்ல, இயற்கை அப்படித்தான் நடந்துகொள்கிறது என்று ஒருநாள் விளங்கியது. அதை முதலில் சொன்னது அண்ணாவிடம்தான்.

அவர் என் சொந்த அண்ணா இல்லை. யாழ்ப்பாணத்தவர். அதே பேராசிரியரிடம் எனக்கு இரண்டு வருடம் முந்தியவர். பெரிய பெட்டியோடு விமான நிலையத்தில் விழித்துக்கொண்டு நின்ற என்னைக் கூட்டிப்போனவர். தன் அறையில் மீன்குழம்பு வைத்துச் சோறு போட்டவர். போரின் கடைசி மாதங்களில் அப்பா அம்மாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லாதிருந்தபோது, ஒவ்வொரு மத்தியானமும் என் பக்கத்தில் இருந்து ஒவ்வோர் இலக்கமாகச் சுழற்றிக் கேட்டவரும் அவர்தான். ஆகவே அளவீடுகளை எழுதிவைத்த கொப்பிகளை அவரிடம் கொடுத்தேன்.

"இன்னும் ரெண்டு படலம் அளக்கக் கிடக்கு அண்ணா. நான் வந்து செய்யுறன். இதுகளை மட்டும் பத்திரமா வச்சிருங்கோ."

"நீ யோசிக்காமப் போட்டு வா தங்கச்சி. நான் பாத்துக்கொள்ளுறன்."

மன்னார்ப் பக்கம் நானாட்டானில் பஸ்ஸால் இறங்கி உள்ளே போக வேண்டும் எங்கள் ஊருக்கு. வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. கதவு நிலைகளையும் யன்னல் நிலைகளையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். என் அறைக்குள் ஆளுயரத்துக்கு எருக்கலை. முற்றத்தைக் கத்தியால் வெட்டித் துப்புரவாக்கித் தங்குவதற்குத் தறப்பாள் கட்டினோம். மிதிவெடி இன்னும் எடுக்காத பக்கத்தைக் காட்ட நட்டிருந்த சிவப்புத் தடிகளுக்கு அப்பால் கால் வைக்கக் கூடாது என்று அப்பா சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார்.

கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் என் படிப்பைப் பற்றிக் கேட்டார். குளிர்வித்தால் கம்பி மின்சாரத்தைத் தடுக்காது, ஒரு துளியும் வீணாகாது என்று சொன்னேன்.

"எவ்வளவு குளிர்?"

"பனிக்கட்டியை விடக் கனக்க, அப்பா. இந்த உலகத்தில எங்கையும் தானா வராத குளிர்."

சுற்றிவர ஒருக்கால் பார்த்தார். வயல் முழுக்க வெயில் கொதித்தது. "அப்ப எங்கட பக்கம் உதுக்குச் சரிவராது," என்றார். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் மூவரும் சிரித்தோம்.

காணி உறுதிப் பத்திரம் போரில் தொலைந்துவிட்டது. எல்லை காட்டச் சாட்சி தேட வேண்டும், பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். என் எழுத்து நன்றாயிருந்ததால் எங்கள் ஒழுங்கை வீட்டுக்காரர் எல்லாருக்கும் நானே எழுதிக்கொடுத்தேன். பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து மன்னார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆறு கிழமை ஐந்து மாதமாயிற்று. விடுப்பை நீடிக்கச் சொல்லி அண்ணாவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "பேராசிரியரிட்டச் சொல்லிப்போட்டன், ஒரு பிரச்சினையுமில்லை" என்று பதில் வந்தது. நான் நேரே பேராசிரியருக்கு எழுதவில்லை. அது என் மடைத்தனம். பிறகு அண்ணாவின் பதில்கள் சுருங்கின. பிறகு வரவேயில்லை. தன் ஆய்வேட்டை எழுதி முடிக்கும் அவசரமாக்கும் என்று நினைத்தேன்.

ஒரு காலை, செயலகத்தில் கடிதமொன்றைக் கொடுத்துவிட்டு, நானாட்டானில் கணினி வைத்திருந்த கடைக்குள் போனேன். எங்கள் துறையில் புதிதாக வந்த கட்டுரைகளின் பட்டியலைத் திறந்தேன். மூன்றாவதாக அது இருந்தது. இரண்டு பெயர்கள்: அவருடையதும் பேராசிரியருடையதும். திறந்ததும், தடை படியில் நின்று விழுவதைக் காட்டும் என் வரைபு. அதன் நடுவில் ஓரிடத்தில் புள்ளிகள் இல்லை. அன்று குளிர்விக்கும் திரவ ஹீலியம் முடிந்துபோனதால் விட்ட இடைவெளி. வேறு யாருடைய வரைபிலும் அது இருக்க முடியாது. கடைசிப் பக்கத்தில் நன்றியுரை. அளவீடுகளில் உதவியதற்காக என் பெயருக்கு ஒரு நன்றி.

கடைக்கு வெளியே நின்று அவருக்கு அழைத்தேன். உடனே எடுத்தார்.

"கட்டுரை பாத்தனான் அண்ணா."

தகரம் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று என்னைத் தாண்டிப் போனது.

"நீ திரும்பி வாறியோ இல்லையோ எண்டு பேராசிரியருக்குச் சந்தேகம்," என்றார்.

"உங்களுக்கும் சந்தேகமோ?"

"எனக்கு விசா முடியப்போகுது தங்கச்சி. கையில ஒரு கட்டுரை இல்லாம ஒருத்தரும் வேலை தரமாட்டாங்கள். உனக்கு இன்னும் காலம் கிடக்கு."

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். என்னைத் தங்கச்சி என்று அவர் சொன்னது அதுதான் கடைசி.

திரும்பிப் போனபோது பேராசிரியர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அண்ணா எழுதிய மின்னஞ்சலைத் திறந்து காட்டினார். நான் பெற்றோரோடு ஊரிலேயே தங்கிவிட முடிவு செய்துவிட்டேனாம். அளந்ததை அவரே முடித்து எழுதும்படி நானே கேட்டுக்கொண்டேனாம். ஆய்வுகூட அலுமாரியில் கிடந்த என் கொப்பிகளை எடுத்துக் காட்டினேன். திகதிகளைக் காட்டினேன். பேராசிரியர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். என்னை நம்பினார் என்றே நினைக்கிறேன். ஆனால் கட்டுரை வெளிவந்துவிட்டது, இனித் திருத்தினால் ஆய்வுகூடத்துக்குத்தான் கெட்ட பெயர் என்றார். பக்கத்து மேசை வெறுமையாக இருந்தது. அண்ணா வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போயிருந்தார்.

ஆளின் பெயரைச் சொல்லாமல் அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"கேட்டனியோ அந்தப் பொடியனை?"

"கேட்டனான்."

"எங்கட ஆக்களோ?"

"ஓம்."

யாரென்று அவருக்கு விளங்கிவிட்டது. அப்பாவும் அந்த மத்தியானத் தொலைபேசிகளை அறிந்தவர். அவற்றில் ஒன்றில்தான் முகாமிலிருந்து முதன்முதலாக அவருடைய குரல் எங்களுக்குக் கேட்டது.

ஆறு மாதத்தில் துகள் இயற்பியலுக்கு மாறினேன். துகள்களை வேகப்படுத்தும் பெரிய இயந்திரங்களுக்கு மீகடத்திகள் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அங்கே ஒரு கட்டுரைக்கு ஆயிரக்கணக்கானோர் பெயர் போடுவார்கள், அகர வரிசையில். யார் எதைச் செய்தார் என்று வெளியில் எவருக்கும் தெரியாது. பலர் அதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. பட்டம் பெற்றேன், வேலை கிடைத்தது. கொப்பியை மட்டும் அதற்குப் பிறகு யாரிடமும் கொடுத்ததில்லை. சேர்ந்து சாப்பிடக் கூப்பிடும் சக ஊழியர்களிடம் எதையாவது சொல்லித் தப்பிக்கொள்வேன்.

சில வருடங்களுக்குப் பிறகு, துகள்களை வேகப்படுத்தும் முடுக்கியின் உலோகக் குழிகளுக்குள் பூசும் படலங்களைப் பற்றி எங்கள் குழு ஒரு கட்டுரை எழுதியது. அந்தப் படியைக் குறிப்பிடாமல் எழுத முடியாது. முன்பு வந்த ஆய்வை மேற்கோள் காட்டாமலும் விட முடியாது. உசாத்துணைப் பட்டியல் போடுவது என் பொறுப்பு. அவருடைய பெயரை எழுத்துப் பிழையில்லாமல் நானே தட்டச்சுச் செய்தேன்.

பக்கத்தில் இருந்த சக ஆய்வாளர் திரையை எட்டிப் பார்த்தார். "இதை முதலில் கண்டுபிடித்தவர் இவரா?" என்று கேட்டார்.

"கட்டுரையில் அப்படித்தான் இருக்கிறது," என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.