ஒரு திருத்தமும் இல்லாத கட்டுரை

2005-ஆம் வருடம். பெரம்பலூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். விடுதி வாசம். சனிக்கிழமையானால் பாடாலூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு பஸ் ஏறிவிடுவேன்.

அந்த வருடம் எங்கள் இங்கிலீஷ் சார் ஒரு புது ஏற்பாடு செய்தார். வெளிநாட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சிலர் இன்டர்நெட் வழியாக, சம்பளம் வாங்காமல், நம் பக்கத்து மாணவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறார்களாம். வாரம் ஒரு கட்டுரை ஈ-மெயிலில் அனுப்ப வேண்டும். தப்புகளைச் சிவப்பு எழுத்தில் திருத்தி அனுப்புவார்கள். நன்றாக இருந்தால் அவர்களுடைய இணையதளத்தில் பெயரோடு போடுவார்கள். சார் சொல்லி முடிப்பதற்குள் கை தூக்கியவன் நான். எல்லாவற்றிலும் அப்படித்தான். வகுப்பில் எனக்கு முந்திரிக்கொட்டை என்றே பெயர்.

கல்லூரி லேபில் நெட் இணைப்பு உள்ள கம்ப்யூட்டர் நான்குதான். ரஃப் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, முறை வந்ததும் ஓடிப்போய் டைப் அடிப்போம். எனக்கு வாய்த்த ஆசிரியை வாராவாரம் தவறாமல் பதில் போட்டார். முதல் கட்டுரை, பஸ் பயணம். திரும்பி வந்தபோது ஒரே சிவப்பு. இரண்டாவது, கொள்ளிடத்து வெள்ளம். அதுவும் சிவப்பு. கடைசியில், ‘உன் சொந்த வாழ்க்கையிலிருந்து எழுது’ என்று ஒரு வரி.

என் வகுப்பில் அதிகம் பேசாத பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் அதே ஆசிரியைதான். ஹைவேயில் லாரி மோதி இறந்துபோன தன் அப்பாவைப் பற்றி அவள் எழுதியிருந்தாள். அந்த வாரமே அது இணையதளத்தில் வந்துவிட்டது. சார் அதை வகுப்பில் வாசித்தபோது எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. என்னைவிட இங்கிலீஷ் கம்மியாகத் தெரிந்தவள்! இவளுக்கு எழுத ஒரு சாவு கிடைத்திருக்கிறது, எனக்குக் கிடைக்கவில்லையே என்று நினைத்தேன். இப்படி எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்கு உட்கார்ந்த இடத்தில் என் அம்மாவைக் கொன்றேன்.

சின்ன வெங்காயக் காட்டில் களையெடுக்கும்போது கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. பஸ் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதுதான் கதை. பாம்பு பொய். மற்றதெல்லாம் நிஜம். அம்மாவின் கையில் எப்போதும் இருக்கும் வெங்காய வாசனை, பச்சைக் கண்ணாடி வளையல், நான் விடுதிக்குக் கிளம்பும்போது பஸ் மறையும்வரை ரோட்டில் நிற்பது, எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டேன். டிக்‌ஷனரியே தேவைப்படவில்லை.

பதில் இரண்டே நாளில் வந்தது. ஒரு திருத்தம்கூட இல்லை. ‘இந்த வாரம் உன் வரிகளைத் தொட எனக்கு மனம் வரவில்லை’ என்று எழுதியிருந்தார். கட்டுரை இணையதளத்தில் ஏறியது. விடுதியில் ஒரே கூத்து. “டேய், பெத்த தாயப் பாம்ப வுட்டுக் கடிக்க வச்சிட்டியேடா, நீ நல்லா வருவ!” என்று முதுகில் தட்டினார்கள். லீவுக்காகத் தாத்தாவை மூன்று தடவை சாகடித்தவர்கள் எல்லாம் இருந்த விடுதி அது. நானும் சிரித்தேன். அந்தப் பெண் மட்டும் லேப் வாசலில் என்னை நிறுத்தி, “அம்மாவுக்கு எப்ப இப்படி ஆச்சு? சொல்லவே இல்லையே” என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. “சும்மா, இங்கிலீஷுக்காக எழுதுனது” என்றேன். அவள் திரும்பி லேபுக்குள் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஆசிரியை வீட்டு முகவரி கேட்டார். நல்ல டிக்‌ஷனரி ஏதாவது அனுப்புவார் என்று ஆசை. விடுதிக்கு வந்தால் வார்டன் பிரித்துப் பார்ப்பார் என்று ஊர் முகவரியைக் கொடுத்தேன். அப்புறம் பரீட்சை வந்தது, மறந்தே போனேன்.

இரண்டு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்து வந்தார். வெளிநாட்டு ஸ்டாம்ப்.

“செவ்வாக்கிழமையே வந்துடுச்சு. படி, கேப்போம்.”

கவர் ஓரத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அதை யோசிக்கவில்லை. கிழித்தேன். கையால் எழுதிய இரண்டு பக்கக் கடிதம், படம் போட்ட ஒரு விதைப் பொட்டலம். அம்மாவை இழந்த உனக்கு, என்று தொடங்கியது. பாம்பு கடித்ததைப் படித்து அழுததாக, கணவரிடமும் வாசித்துக் காட்டியதாக, அம்மாவைப் புதைத்த இடத்தில் இந்தப் பூவிதைகளைத் தூவச் சொல்லி எழுதியிருந்தார்.

எதிரே அம்மா, முகத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டு.

“நான் நல்லா இங்கிலீஷ் எழுதறேனாம்மா. மேல படிக்கச் சொல்றாங்க.”

“என்னப் பத்தி ஏதும் கேட்டிருக்காங்களா?”

“கேட்டதாச் சொல்லச் சொல்லியிருக்காங்க.”

“ரெண்டு பக்கத்துக்கும் அவ்வளவுதானா?”

“இங்கிலீஷ்ல அப்படித்தாம்மா, சுத்தி வளைச்சுத்தான் எழுதுவாங்க.”

அம்மா விதைப் பொட்டலத்தை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

“இது எங்க போடணுமாம்?”

“நம்ம வாசல்லதான்.”

“பொதச்ச எடத்துல போடணும்னுல்ல எழுதியிருக்காம்?”

கடிதத்தைப் படக்கென்று மடித்தேன். விஷயம் இதுதான். வெளிநாட்டுக் கவரைப் பார்த்ததும் என் வேலைக்கான ஆர்டர் என்று அம்மா நினைத்திருக்கிறார். சனிக்கிழமைவரை பொறுக்க முடியாமல், ஊருக்கு வந்த நர்சம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். நர்சம்மா பாதியில் நிறுத்தி முழித்திருக்கிறார். அம்மாதான் பரவாயில்லை, முழுசையும் சொல்லுங்க என்று கேட்டு வாங்கியிருக்கிறார். பிறகு சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, நான்கு நாள் காத்திருந்திருக்கிறார், நான் என்ன சொல்கிறேன் பார்க்கலாம் என்று.

“எந்தக் கால்லடா கடிச்சுச்சு?”

இடது கால் என்று எழுதியிருந்தேன். அம்மா காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கில் ஈர மண்.

திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. “என்னக் கொன்னது கெடக்கட்டும். முன்னபின்ன தெரியாத பொம்பள, கடலுக்கு அந்தாண்ட உக்காந்துகிட்டு எனக்காக அழுதிருக்கு. மொதல்ல அதுக்கிட்ட நான் இருக்கேன்னு சொல்லு” என்றார்.

விதைப் பொட்டலத்தை நீட்டி, “இத என்னம்மா செய்யறது?” என்று கேட்டேன், முட்டாள்தனமாக.

அதை வாங்கிக் கடுகு டப்பாவுக்குள் போட்டு மூடினார். “இப்ப வேணாம். நேரம் வரும்போது நீயே போடு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை லேபில் போய் உட்கார்ந்தேன். என் அம்மா உயிரோடு இருக்கிறார், நான் எழுதியது பொய். இந்த ஒரு வரியை டைப் அடிக்க என் முறை முழுசும் போய்விட்டது. நண்பனின் முறையையும் கெஞ்சி வாங்கினேன். பதில் வர மூன்று வாரம் ஆனது. ‘உன் அம்மா இருக்கிறார் என்பதில் எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சி’ என்று ஒரே வரி. அதன்பின் அவர் எனக்கு எழுதவில்லை. நானும் எந்த முகத்தோடு கட்டுரை அனுப்புவேன்?

ஆனால் அதோடு முடியவில்லை. இணையதளத்திலிருந்து என் கட்டுரையை எடுத்தார்கள். கூடவே எங்கள் கல்லூரியிலிருந்து போன எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். எது நிஜம், எது பொய் என்று அவர்கள் எங்கே போய் விசாரிப்பார்கள்? அந்தப் பெண் லேபில் திரும்பத் திரும்பப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்கப்பாவோடது இங்கதானே இருந்துச்சு, காணோமே” என்று என்னிடமே கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அம்மாவிடமும் ஆசிரியையிடமும் ஒப்புக்கொண்டவன், அது காணாமல் போனது என்னால்தான் என்று அவளிடம் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. இதை எழுதுவதே, எங்காவது அவள் கண்ணில் படட்டும் என்றுதான்.

இப்போது சென்னையில் அறை எடுத்துத் தங்கி வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். இன்டர்வியூவில் குடும்பத்தைப் பற்றி இங்கிலீஷில் சொல்லச் சொல்கிறார்கள். எல்லோரும் அப்பாவின் தொழிலில் தொடங்குவார்கள். நான், என் அம்மா இருக்கிறார் என்று தொடங்குகிறேன். கேட்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா பார்க்காத நேரத்தில் அந்தக் கடுகு டப்பாவைத் திறந்து, பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கை கழுவிச் சாப்பிட உட்காருகிறேன்; இரண்டு வருடமாகக் கிடக்கும் அந்த விதைகளுக்கு, நான் அவற்றைத் தூவ வேண்டிய நாள் வருவதற்குள் முளைக்கிற சக்தியே போய்விட வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.