கோடவுனில் ஓடிய பாடம்

ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். படப்பையில் ஒரு மாடி அறையில் மூன்று பேர் இருந்தோம். நான் சங்கரன்கோவில் பக்கம். என் வயதுக்காரி ஒருத்தி தூத்துக்குடியிலிருந்து வந்தவள். மூன்றாமவர் மதுரை அக்கா. எங்களைவிட மூத்தவர், மில் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். மூவருக்கும் ஒரே லைன். கார்களுக்கான வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுவோம்.

மற்ற பாடமெல்லாம் எப்படியோ மண்டையில் ஏறிவிட்டது. பாலினச் சமத்துவமின்மை பற்றிய பெண்ணியப் பார்வைகள் என்ற பாடம் மட்டும் படியவேயில்லை. தாராளவாதம், மார்க்சியம், தீவிரப் பெண்ணியம் என்று வரிசையாக வரும். ஒன்றைப் படித்தால் முந்தையது மறந்துபோகும்.

அந்த நேரத்தில்தான் கோடவுனில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் பயிற்சி தருவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். தூத்துக்குடிக்காரி முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தாள். சூப்பர்வைசர் நல்ல மனுஷன்தான். வெயிட்டு வேலையெல்லாம் பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு என்று கேட்டிருக்கிறார்.

“வண்டிதான சார் தூக்குது, நானா தூக்கப் போறேன்?” என்றிருக்கிறாள் இவள்.

 அவர் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து, பெயரை எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அறையில் அதே பேச்சு. சட்டம் சமமாக இருக்கிறது, நோட்டீசும் சமமாக இருக்கிறது, கதவை மட்டும் திறந்துவிட்டால் போதும், மிச்சத்தை நாம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அவள். நான் புத்தகத்தைப் புரட்டினேன். தாராளவாதம், அட்சரம் பிசகாமல்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மதுரை அக்கா சிரித்தார். “ஓட்டு, வேணாங்கல. ஆனா திடீர்னு கம்பெனிக்கு நம்ம மேல எதுக்கு இம்புட்டுப் பாசம்? பயலுக நாலு மாசத்துல வேலைய விட்டுட்டு ஓடுறாய்ங்க. பொம்பளைங்கன்னா ஓட மாட்டாளுக, சங்கம்னு நிக்க மாட்டாளுகன்னு கணக்குப் போட்டிருக்காய்ங்க.”

இது அடுத்த பக்கத்தில், மார்க்சியத்தில் இருந்தது.

மூன்றாவது பார்வை ஞாயிற்றுக்கிழமை தானே அறைக்கு வந்து சேர்ந்தது. என் தம்பிக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வாரத்து யூனிபார்மைப் பையில் அடைத்துக் கொண்டுவந்து என்னிடம் போட்டுவிட்டு, கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போவான். ஆணாதிக்கம் வீட்டுக்குள்தான் தொடங்குகிறது என்ற வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போது அவன் பேன்ட் என் பக்கெட்டில் ஊறிக்கொண்டிருந்தது. நானும் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவள்தானே என்று அப்போதுதான் உறைத்தது. அவனைக் கூப்பிட்டு நீயே துவை என்றேன். துவைக்கத் தெரியாதுக்கா என்றான், நிஜமாகவே அப்பாவியாக. சோப்புத்தூளை அள்ளிக் கொட்டியதில் நுரை படியெல்லாம் இறங்கி, வீட்டுக்கார அம்மா மேலே ஏறி வந்து பார்த்தார். மறு வாரத்திலிருந்து பை வரவில்லை. தம்பி மட்டும் வந்தான்.

இப்போது எல்லாம் புரிந்துவிட்டது என்ற மிதப்பில் கம்பெனி பஸ்ஸில் கதை அளந்தேன். பக்கத்து சீட்டில் எங்கள் லைனில் வேலை பார்க்கும் மணிமங்கலத்துப் பெண். உள்ளூர்க்காரி, அதிகம் பேச மாட்டாள். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“எங்கம்மா சூளையில கல்லு தூக்கிகினேதான் என்னைப் பெத்துச்சு. சேரிப் பொம்பளைக்கு வெயிட்டு ஆவாதுன்னு அன்னிக்கு எவனும் சொல்லல. தலையில தூக்கினா யாருக்கும் ஒண்ணியுமில்ல. சீட்டுல குந்திக்கினு தூக்கினாதான் கேள்வி வருது.”

 பெண் என்று ஒரே சொல்லில் எல்லோரையும் அடக்கிவிட முடியாது என்று புத்தகத்தில் கடைசியில் அரைப் பக்கம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று அதைத் தள்ளி வைத்திருந்தேன். அன்று ராத்திரி அதைத்தான் முதலில் படித்தேன்.

பயிற்சி தொடங்கியது. வண்டி சீட்டு நெட்டையான ஆண்களுக்காகச் செய்தது. தூத்துக்குடிக்காரியின் கால் பெடலுக்கு எட்டவில்லை. அறையிலிருந்து தலையணையை எடுத்துப்போய் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். கோடவுன் வாசலில் ஆண்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். இதற்கிடையில் விஷயம் ஊருக்குப் போய், அவள் அப்பா போன் செய்தார். லாரி மாதிரி வண்டி ஓட்டுகிற பெண்ணை எவன் கட்டுவான் என்பது அவர் கவலை.

“வாற மாப்பிள்ளைய நான் ஒண்ணும் அதுல தூக்கப் போறதில்லப்பா” என்றாள் இவள். மறுமுனையில் அவரும் சிரித்துவிட்டார் போலிருக்கிறது. பேச்சு வேறு பக்கம் போனது.

சோதனை நாளில் ஒரு பிளாஸ்டிக் கூம்பை இடித்துத் தள்ளினாள். மற்றபடி சரக்கை ஏற்றியதும் இறக்கியதும் சுத்தம். பாஸ். அடுத்த சுற்றுப் பயிற்சிக்கு மணிமங்கலத்துக்காரி பெயர் கொடுத்தாள். அவளும் தேறினாள், கூம்பு எதையும் இடிக்காமல். என் பரீட்சையும் முடிந்தது. அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி எழுதினேன். மார்க் சுமார்தான், அறிஞர்கள் பெயர் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

கோடவுனுக்கு மாறிய பிறகுதான் இருவருக்கும் ஒன்று தெரிந்தது. அங்கே பெண்களுக்குக் கழிவறையே இல்லை. ஒவ்வொரு தடவையும் லைன் பக்கம் நடந்து வர வேண்டும். தூத்துக்குடிக்காரி முறையாக மனு எழுதலாம் என்றாள். மதுரை அக்கா மனுவைப் படித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது, ஆனால் கையில் எடுத்துக்கொண்டு எல்லோருமாகப் போகலாம் என்றார். டீ இடைவேளையில் லைனே எழுந்து போய் ஆபீஸ் வாசலில் நின்றது. யாரும் கத்தவில்லை. சும்மா நின்றோம்.

சில வாரங்களில் கட்டிக் கொடுத்தார்கள். டைல்ஸ், கண்ணாடி எல்லாம் பளபளவென்று இருந்தன. தாழ்ப்பாளை மட்டும் வெளிப்பக்கம் வைத்திருந்தார்கள். மணிமங்கலத்துக்காரி வெகுநேரம் சிரித்தாள். அக்கா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் நேராக ஆபீசுக்கு நடந்தார். மறுநாள் காலை தாழ்ப்பாள் உள்ளே வந்திருந்தது.