வராத படத்தின் பாட்டு

ஞானம் அக்கா போய்விட்டார் என்று அவர் மகள் அரியலூரிலிருந்து போனில் சொன்னபோது, பெரம்பலூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எழுபதுகளில் நம் பக்கத்துத் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி கேட்டவர்கள் அவரை மறந்திருக்க மாட்டீர்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் மேடையில் நின்றதை அதற்கு முன் இங்கே யாரும் பார்த்ததில்லை. குழு அவர் கணவர் ராஜேந்திரன் அண்ணனுடையது. நான் டிரம்ஸ் வாசித்தேன்.

அக்கா சொந்தமாகப் பாட்டு எழுதி மெட்டுப் போடுவார். ரேடியோவில் கேட்ட ராக் இசையின் வேகம் நம்மூர்ப் பேச்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும். விழாக் கமிட்டிக்காரர்களுக்கோ சினிமாப் பாட்டு மட்டும்தான் வேண்டும். அதனால் அவர் பாட்டுக்கு மைக் டெஸ்டிங் நேரம்தான் வாய்த்தது. ஜனங்கள் இடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அக்கா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருப்பார். “ஆளு கேக்காட்டி என்ன தம்பி, ஸ்பீக்கர் கேக்குதுல்ல” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எறையூர்க் கச்சேரியில் துணிந்துவிட்டார். அந்த ஊர்ச் சர்க்கரை ஆலையின் வாசலுக்கு வெளியே கரும்பு வண்டிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்து எழுதிய பாட்டு. “வண்டியிலே காயுது கரும்பு, வாசல் திறக்கலையே” என்று நடுக் கச்சேரியில் எடுத்தார். கரும்பு வெட்டுகிற ஜனம் எழுந்து ஆடியது. கமிட்டித் தலைவர் மேடையோரம் வந்து, “இது எந்தப் படம்ங்க?” என்றார். அடுத்த வருஷம் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அண்ணன் மைக்கைப் பிடித்து, “விரைவில் வெளிவர இருக்கும் புதுப்படப் பாடல்” என்று அறிவித்துவிட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அக்கா சிரிக்கவில்லை.

அன்றோடு பாட்டும் அக்காவும் மாட்டிக்கொண்டார்கள். செட்டிகுளமோ அரியலூரோ, போன இடமெல்லாம் அதையே கேட்டார்கள். படத்தின் பெயரையும் கேட்டார்கள். “என்னங்க, நான் எழுதுனதுன்னு ஒரு வாட்டி சொல்லிடுங்களேன்” என்று வேனில் அக்கா கெஞ்சுவார்.

“இப்ப சொன்னா நம்மள பொய்யன்னுவாங்க ஞானம். அப்பறம் யாரு கூப்புடுவா?” என்பார் அண்ணன். கெட்ட மனிதரில்லை. பயந்த மனிதர்.

எண்பதுகளில் ஒருநாள் அக்கா பெரம்பலூர் கேசட் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தன் குரலில் அதைப் பதிந்துவிட வேண்டும் என்று ஆசை. கடைக்காரர், “அந்தப் பாட்டா? நெறைய பேரு கேக்குறாங்க. படம் வரட்டும்மா, பதிஞ்சு தரேன்” என்றார்.

“அது நான் எழுதுனதுங்க.”

“சும்மா வெளயாடாதீங்கம்மா.”

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, “எனக்கே அது எந்தப் படத்துல வந்துச்சோன்னு இருக்கு தம்பி” என்றார். அதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

துக்க வீட்டில் ஒரு பெரியவர், “அந்தப் படம் கடைசி வரைக்கும் வரவே இல்லீங்களே” என்றார். “படமே கெடையாதுங்க. அது அக்கா பாட்டு” என்று கத்திவிட்டேன். அண்ணன் தலை நிமிரவில்லை.

அந்தப் பாட்டில் பல்லவியும் இரண்டு சரணமும் என்னிடம் இருக்கின்றன. மூன்றாவது சரணம் ஒன்றும் எழுதியிருந்தார். சினிமாப் பாட்டில் இரண்டுதான் வரும், மூன்று பாடினால் சந்தேகம் வந்துவிடும் என்று அண்ணன் பாடவே விடவில்லை; எங்களில் யாரும் அதைக் கேட்டதில்லை. அதில் வாசல் திறந்ததா என்று இனி யாரிடம் கேட்பது?