மாமன் எடுத்த படம்

என் பெயர் அழகுபாண்டி. சமயநல்லூரில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். குடியிருப்பது கோச்சடையில். ஒரு சட்டை எடுப்பதற்கே டவுன்ஹால் ரோட்டுக் கடைகளையெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி, அதற்குள் அந்தச் சட்டையை வேறொருவர் வாங்கிப் போயிருக்க, வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிற ஆள். என் மனைவி மீனாவைப் பெண் பார்க்கப் போனபோது மட்டும்தான் சட்டென்று முடிவெடுத்தேன். அதுவும் அவள் எடுத்த முடிவு என்று பிற்பாடு தெரிந்தது.

இப்படிப்பட்டவனிடம் போய் என் தங்கை முனீஸ்வரி ஒரு காரியத்தைச் சொன்னாள். அவளை எழுமலையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் போய்ச்சேர்ந்த பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். அவள் மகள் கனிஷ்காவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தத் தேதி வைத்திருந்தார்கள். செல்போனில் எல்லோரும் படம் எடுத்தாலும், பெரிதாக்கி மாட்டினால் புள்ளி புள்ளியாகத் தெரிந்த காலம் அது.

“அண்ணே, காதுகுத்துல ஒரு நல்ல போட்டோ எடுத்து எங்க வீட்டு ஹால்ல மாட்டணும்ணே. இவுக வீட்டுல பூட்டன்ல இருந்து அம்புட்டுப் பேரும் செவத்துல இருக்காக. நம்ம வீட்டாளு ஒருத்தருகூட இல்ல. வாரவுகல்லாம் ‘ஒனக்குப் பெறந்த வீட்டுல யாரும் இல்லையா’ன்னு கேக்குறாக.”

“அப்பா அம்மா படத்த மாட்ட வேண்டியதுதான?”

“செத்தவுக படம் அவுக வீட்டுலதான் இருக்கணும்னு அத்தை சொல்லிட்டாக.”

நம்ம வீட்டாளு ஒருத்தருகூட இல்லை என்றாளே, அது எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனாலும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ‘நல்ல போட்டோ’வை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவள் வீட்டுக்காரர் வெள்ளைத்துரை, உசிலம்பட்டியிலிருந்து ஸ்டுடியோக்காரரை வரச்சொல்லலாமா என்று கேட்டார். “நான் இருக்கையில வெளியாளு எதுக்கு மாப்ள?” என்றேன். அதுவரை நான் எடுத்த படங்களில் பாதி, என் கட்டைவிரலை எடுத்தவை.

கேமரா வாங்க மீனாவோடு போன கடையில் கண்ணாடி மேசைமேல் இரண்டு கேமராக்களை வைத்தார்கள். ஒன்று சின்னது. சட்டைப்பையில் போட்டால் வெற்றிலைப் பெட்டி அளவுக்குத்தான் துருத்தும். பட்டனை அமுக்கினால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். இன்னொன்று டிஎஸ்எல்ஆர். கறுப்பாக, கனமாக, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய சாமான். அதன் லென்சைத் திருகினால் முன்னால் இருப்பவர் பளிச்சென்று தெரிவார், பின்னால் இருப்பதெல்லாம் மங்கிக் கரைந்துவிடும். கடைக்காரர் மீனாவை நிற்கவைத்து எடுத்துக் காட்டினார். அவளுக்குப் பின்னாலிருந்த மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் மறைந்து, மீனா கல்யாணப் பத்திரிகையில் போடுகிற பெண்போல இருந்தாள். நான் அப்போதே விழுந்துவிட்டேன்.

மீனா மட்டும் சின்னதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது போதும்ங்க. இதுல யாரு வேணாலும் எடுக்கலாம்ல?”

யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதுதான் எனக்கு அதில் பிடிக்காத விஷயம். ஆனால் வெளியே சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு வாரக்கணக்கில் யோசித்தேன். ஆலையில் நெல் மூட்டை வரவு எழுதுகிற நேரம் போக, இரண்டு கேமராவின் எடை, பேட்டரி, கண்ணாடி, இருட்டில் எது எப்படி எடுக்கும் என்று கம்ப்யூட்டரில் தேடித்தேடிப் படித்தேன். முதலாளி வந்தால் அரிசி விலை பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன்.

எங்கள் தெருவில் சவரியப்பன் சார் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார். லீவு நாளில் பெரிய கேமராவோடு வைகைக் கரையில் கொக்குக்காகக் காத்திருப்பார். அவரிடம் யோசனை கேட்டேன்.

“சின்னது டூர் போறவுகளுக்கு சார். நீங்க எடுக்கப் போறது விசேஷம்ல. பெருசையே வாங்குங்க. ஆனா ஒண்ணு, கேமராவே எல்லாம் பாத்துக்கிற ஆட்டோல மட்டும் வச்சிராதீக. அப்படி எடுக்கறவுகளுக்கு எதுக்கு சார் பெரிய கேமரா? எல்லாத்தையும் கையால வையிங்க.”

பெரியதையே வாங்கினேன். மதில்மேல் உட்கார்ந்த காக்காயை எடுத்தேன். காக்காய் பறந்த பிறகு மதில் நன்றாக விழுந்தது. மீனா துணி காயப்போடுவதை எடுத்தேன். கொடியிலிருந்த கிளிப் ஒன்று அற்புதமாகத் தெரிந்தது, மீனா தெரியவில்லை. போகப் போகக் கை பழகியது. எதை எவ்வளவு திருக வேண்டும் என்று எனக்கு ஓரளவு பிடிபட்டது. எனக்கு மட்டும் பிடிபட்டது.

இந்நேரம் உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். காதுகுத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தானே உட்காரவைப்பார்கள், தாய்மாமனே படம் எடுத்தால் மடிக்கு எங்கே போவது? எனக்கு அது தோன்றவே இல்லை. எழுமலை பஸ்ஸில் சீர்த் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தபோது மீனாதான் கேட்டாள்.

“ஏங்க, நீங்க பிள்ளைய மடியில வச்சிருக்கையில யாரு எடுப்பா?”

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. காட்டிக்கொள்ளவில்லை.

“மாப்ள எடுப்பாரு. பட்டனை அமுக்குறதுதான?”

எழுமலைக்கு வெளியே அவர்கள் குலதெய்வக் கோயில். மேளத்தோடு எதிர்கொண்டு அழைத்து மாலை போட்டார்கள். கேமரா வாரும் மாலையும் கழுத்தில் சிக்கிக்கொண்டன, நான் மாலையைத்தான் ஒதுக்கினேன். அதுவரை செல்போனை நீட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட, மாமன் பெரிய கேமரா கொண்டுவந்திருக்கிறார் என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிள்ளையை என் மடியில் உட்காரவைத்தார்கள். முனீஸ்வரி பின்னால் வந்து நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. கேமராவை வெள்ளைத்துரை கையில் கொடுத்துப் பட்டனைக் காட்டினேன். மொட்டை போட ஆரம்பித்தார்கள், பிள்ளை அலறியது. வெள்ளைத்துரை அமுக்கினார். பார்த்தார். முகம் கோணியது.

“மச்சான், ஒரே கறுப்பா வருது.”

“மேல இருக்கிற சக்கரத்தத் திருகுங்க மாப்ள.”

“எந்தச் சக்கரம்? ரெண்டு கெடக்கு.”

அவர் இரண்டையும் திருகினார். கறுப்பு போய் ஒரே வெள்ளையாக வந்தது. ஆட்டோவில் வைக்கச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே தீர்ந்திருக்கும். சவரியப்பன் சார் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, நான் சொல்லவில்லை. மொட்டை முடிந்து குளிப்பாட்டிச் சந்தனம் தடவிப் பிள்ளையை மறுபடி என் மடிக்குக் கொண்டுவந்தார்கள். ஆசாரி ஒரு காதைக் குத்திவிட்டார். வெள்ளைத்துரை கேமராவைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். குலுக்கினால் எனக்குப் பொறுக்குமா?

“ஒரு நிமிசம் ஆசாரி, இந்தா வாரேன்,” என்று பிள்ளையை முனீஸ்வரியிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

“மாமன் எந்திரிக்கக் கூடாதுப்பா!” என்று யாரோ சத்தம் போட்டார்கள். நான் அதற்குள் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தேன். நல்ல நேரம் போகிறது என்று ஆசாரி முணுமுணுத்தார். வெள்ளைத்துரையின் அண்ணன் பேயாண்டி நல்ல மனுசர். காரியம் நிற்கக் கூடாதே என்று பலகையில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நான் சரிசெய்து நிமிர்ந்தேன். கண்ணை வைத்துப் பார்த்தேன். வேப்பமரத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம், கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர், ஆசாரியின் விரலில் மின்னும் கம்பி. கை தானாக அமுக்கிவிட்டது. என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான். அடுத்த காதையும் குத்தி முடித்துவிட்டார்கள் என்பது அமுக்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

“மாமன் படம் பிடிக்க வந்திருக்காரு போல,” என்றார் முனீஸ்வரியின் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பந்தியில் என் இலையில் கறி வைத்தது முனீஸ்வரிதான். நிறையத்தான் வைத்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பிள்ளையும் பேயாண்டியும் ஒவ்வொரு மயிர்க்காலும் தெரிகிற மாதிரி விழுந்திருந்தார்கள். பின்னால் மஞ்சளாக ஒரு கரைசல் தெரிந்தது. அது முனீஸ்வரியின் சேலை. அதற்குமேல் அவள் முகம் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவள் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க எவ்வளவோ பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கப் பெரிதாக்கக் கரைசல்தான் பெரிதானது. சின்னக் கேமராவாக இருந்தால் அவளும் தெளிவாக விழுந்திருப்பாள். என்னை நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருந்தது.

பேயாண்டிக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. அவரே பெரிதாகப் போட்டுக் கண்ணாடி அடைத்துவிட்டார். பொங்கல் சீர் கொண்டு எழுமலை போனபோது ஹாலில் நட்டநடுவில் அது தொங்கியது. நான் அதற்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளையை இன்னும் இரண்டு படம் எடுத்தாவது சமாளிக்கலாம் என்று கேமராவையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போயிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வந்து படத்தை அண்ணாந்து பார்த்தார்.

“பிள்ள பெரியப்பா மடியிலயா இருக்கு? ஏன், தாய்மாமன் வரலையா?”

முனீஸ்வரி எனக்குக் காப்பி கொண்டுவந்துகொண்டிருந்தாள். அப்படியே நின்றாள். நான் கேமராவின் மூடியைக் கழற்றினேன். அந்த அம்மா இப்போதுதான் என்னைக் கவனித்தார்.

“தம்பி ஸ்டுடியோக்காரரா? நல்லா எடுத்திருக்கீக.”

“இது எங்க அண்ணே,” என்றாள் முனீஸ்வரி. அந்த அம்மா என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

“முனீசு,” என்றேன். “பிள்ளையக் கூப்பிடு. இப்ப மடியில வச்சு ஒண்ணு எடுத்து இங்கன மாட்டிருவோம். ஆட்டோலயே வைக்கிறேன். நீயே எடு.”

அவள் காப்பியை என் கையில் கொடுத்தாள்.

“காது ஒரு தடவதாண்ணே குத்துவாக.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். அடுப்பில் ஏதோ கிடக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள்.